மஞ்சள் பட்ட குதிரை

திருகோணமலை
08.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி கஜேந்தினி எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உங்களுக்கு அங்கே குளிர் தொடங்கிவிட்டதா?

கடிதத்தைக் கண்டு சிரிப்பீர்கள். நீங்கள் போன் எடுத்தால் முழுவதும் அம்மாதான் கதைக்கிறார். என் முறை வந்தாலும் எனக்கு "ஓம்", "சுகம்" என்பதற்கு மேல் வாய் வராது. எழுதினால் வரும். பத்தாம் வகுப்போடு நின்றாலும் எழுத்து என்னை விட்டுப் போகவில்லை.

நான் இப்போது எங்கள் ஊர் இலங்கைத்துறையில் இல்லை. ஒரு மாதமாகத் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய விடுதி ஒன்றில் வேலை. முதலாளி கலீலுர் றஹ்மான் ஹாஜியார். அவருடைய மனைவி பரீதா அன்ரி சமைக்கிறார். அவர்களோடுதான் தங்குகிறேன். அறை கூட்டுவதும் தூசு துடைப்பதும் என் வேலை.

இங்கே சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் ஒன்பது படங்கள் இருக்கின்றன. எல்லாம் இங்கிலாந்து நாட்டுப்புறம். ஹாஜியாரின் வாப்பா இந்த வீட்டை ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியபோது படங்களும் ஆணியோடு சேர்ந்து வந்தனவாம். நாலு படத்தில் சிவப்புச் சட்டைக்காரர்கள் குதிரையில் நரி துரத்துகிறார்கள். ஐந்து படத்தில் வழியோரத் தவறணைகள். தவறணை என்றதும் எங்கள் பக்கத்துக் கள்ளுத் தவறணையை நினைக்காதீர்கள். கல்லால் கட்டிய வீடு. வாசலில் பலகை தொங்குகிறது, அதில் ஒரு அன்னம். உள்ளே ஆள் உயரத்துக்கு அடுப்பு. ஒரு கிழவர் முழ நீளக் குழாயில் புகை பிடிக்கிறார். அவருடைய சப்பாத்தில் தலை வைத்து ஒரு நாய் தூங்குகிறது. அந்த நாயின் ஒரு காது மட்டும் விழித்திருக்கிறது, அண்ணா. அதைக் காண எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

கிட்டப் போய்ப் பார்த்தால் நிழல் என்று ஒன்றும் இல்லை. மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு வலை பின்னியிருக்கிறார்கள். வெளிச்சமான இடத்தில் பெரிய கண் வலை. இருட்டான இடத்தில் சூடை வலை மாதிரிச் சின்னக் கண். அப்பாவின் கிழிந்த வலைகளைப் பொத்தியவள் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. குதிரைக்காரர் ஒருவருடைய கைப்பக்கம் மட்டும் சட்டையின் சிவப்பு எல்லையைத் தாண்டி வானத்தில் பட்டிருக்கிறது. அது எப்படி என்றுதான் விளங்கவில்லை.

உங்கள் முகவரியில் ஹோட்டல் என்று இருக்கிறதே, நீங்கள் வேலை செய்வது இப்படியான இடத்திலா? அங்கேயும் இந்தப் படங்கள் உண்டா? பார்த்து எழுதுங்கள்.

வெருகல் முருகன் உங்களுக்குத் துணையிருப்பார்.

உங்கள் தங்கச்சி
கஜேந்தினி


இங்கிலாந்து
02.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணா மதிசுதன். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மூன்று நேரமும் சாப்பாடு வருகிறது.

நீ எழுதியது போலத்தான் இந்த ஹோட்டலும். சுவரெல்லாம் அதே படங்கள்தான். நரி, குதிரை, நாய், எல்லாம் உண்டு. சனிக்கிழமைகளில் சிவப்புச் சட்டைக்காரர்கள் வாசலால் போவார்கள். நான் குசினியில் நிற்பதால் வடிவாகப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

அம்மா கேட்டால் அண்ணாவுக்கு நல்ல வேலை என்று சொல். குளிரைப் பற்றிக் கதைக்காதே. நித்திரை கொள்ளமாட்டார்.

நாயின் எந்தக் காது விழித்திருக்கிறது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணா


திருகோணமலை
23.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். இங்கே மழைக் குணம். அம்மாவும் சுகம்.

வலது காது.

நீங்களும் அதே படங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று நினைக்கும்போது தூரம் குறைந்த மாதிரி இருக்கிறது. காலையில் துடைக்கும்போது, "அண்ணா இப்போது எந்தப் படத்துக்கு முன்னால்?" என்று நினைப்பேன். எனக்குப் பிடித்தது மூன்றாவது படம். ஆறு கரை புரண்டு ஓடுகிறது. எல்லாக் குதிரைகளும் தயங்கி நிற்க, ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் பாய்ந்துவிட்டது. நாலு காலும் தண்ணீரில் படவில்லை. அதன் வயிற்றுக்குக் கீழே, ஆற்றில், அதன் நிழல் சின்னக் கண் வலையாய்க் கிடக்கிறது. கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருந்தாலும் அதுதான் வடிவு.

பரீதா அன்ரிக்குப் படங்களைக் கண்ணில் காட்டக் கூடாது. மண்டபத்தில் தொழ வரும் விருந்தாளிகளுக்காகப் படங்களை மறைத்துத் திரை இழுத்து விட வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஏச்சு.

"சுவர் முழுக்கக் குடிகாரனுகளும் நாயும். ஒருநாளைக்கு எல்லாத்தையும் எடுத்துக் கறிச்சட்டிக்குள்ள போடுறன், பாருங்க."

"போடு. உப்புக் கொஞ்சம் கூடப் போடு," என்பார் ஹாஜியார். "என்ட வாப்பா பாத்துப் பாத்துச் சோறு திண்ட படம். நான் மவுத்தாகுமட்டும் தொங்கும்."

பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஆயுத பூசைக்கு எனக்கு வீட்டுக்குப் போக ஏலவில்லை. அப்பா இருக்கும்போது தோணிக்கும் வலைக்கும் பொட்டு வைப்பாரே, எனக்கு மனம் கேட்கவில்லை. அன்று விடிய எழும்பினேன். சந்தனம் இல்லை. குசினியில் மஞ்சள் தூள் எடுத்துக் கரைத்து விளக்குமாற்றுக்கும் வாளிக்கும் பொட்டு வைத்தேன். நான் நாளும் துடைக்கும் படங்கள் என்றபடியால் ஒன்பதுக்கும் கண்ணாடியில் பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டேன். மற்றவர்களின் வீடு அல்லவா, உடனேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஒருவரும் காணவில்லை.

சாமி உங்களைக் காக்க வேண்டும்.

கஜேந்தினி


திருகோணமலை
12.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதில் வர முன்னமே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன கிழமை ஒரு விருந்தாளி சாப்பிட்டுக்கொண்டே, "அந்த மஞ்சள் குதிரை நல்ல வடிவு," என்றார். "வெள்ளைக் குதிரை," என்று ஹாஜியார் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாவது படம், அண்ணா. உடைந்த மூலையால் மஞ்சள் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நான் வெளியே துடைத்தேன், அது உள்ளே ஊறியிருக்கிறது. குதிரையின் வயிறும் முன்னங்காலும் மஞ்சள். ஒவ்வொரு நாளும் துடைத்த நான் அதைக் காணவில்லை. வடிவானதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஹாஜியார் விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"மஞ்சள். குசினி மஞ்சள்." அன்ரியின் பக்கம் திரும்பினார். "சொன்ன மாதிரியே செஞ்சிட்டாய், என்ன?"

அன்ரி கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றார். வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். நான் தண்ணீர்க் கூசாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று ஒன்பது நாள். இரண்டு பேரும் கதைப்பதில்லை.

அண்ணா, உங்கள் ஹோட்டலிலும் இதே படங்கள் என்று எழுதினீர்களே. ஆறு பாயும் குதிரையைப் பார்த்து எழுதுங்கள். அங்கேயும் வயிற்றில் கொஞ்சமாவது மஞ்சள் இருந்தால், அது முதலிலேயே இருந்தது என்று ஹாஜியாருக்குக் காட்டலாம்.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

கஜேந்தினி


இங்கிலாந்து
08.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ பயப்படாதே.

இங்கே சுவருக்கு வர்ணம் பூசுகிறார்கள். படங்களை எல்லாம் இறக்கி எங்கேயோ வைத்துவிட்டார்கள். அதனால் பார்க்க ஏலவில்லை.

நீ ஒன்றும் சொல்லப் போகாதே. பேசாமல் இரு. நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். சொல்லி வேலையை இழந்தால் அம்மாவுக்கு யார்?

மழையில் நனையாதே.

அண்ணா


திருகோணமலை
29.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருசம் உங்களுக்கு நல்லதாய் அமையட்டும். அம்மா உங்களுக்காக வெருகலில் அர்ச்சனை செய்தார்.

நீங்கள் சொன்னபடி பேசாமல்தான் இருக்கிறேன். ஆனால் இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஒருவரோடு ஒருவர் கதைக்காததால், இடையில் நின்று கதைக்க வேண்டியவள் நான்! என் கதையைப் பாருங்கள்.

"புள்ள, அந்த மனிசனுக்கிட்டச் சொல்லு, அரிசி முடிஞ்சி எண்டு."

ஹாஜியார் நாலு முழத்தில்தான் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும். நான் போய், "ஹாஜியார், அரிசி முடிஞ்சுதாம்," என்பேன்.

"எந்த அரிசி எண்டு கேளு மகள்."

"காதில விழல்ல எண்டு சொல்லு," என்பார் அன்ரி.

முன்பு என்றால் சிரித்திருப்பேன். இப்போது ஒவ்வொரு சொல்லையும் கொண்டு போகும்போது என்னுடைய சொல்லையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

அன்ரி என்னிடம் ஒரு மாற்றமும் காட்டவில்லை. பொரித்த மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். அதுதான் விழுங்க ஏலாமல் இருக்கிறது. நேற்றுச் சொன்னார்: "நோன்பு பிறக்க முந்திக் கிண்ணியாவுக்குப் போறன், தங்கச்சி வீட்ட. இந்த மனிசனுக்கு அவர்ர குதிர கஞ்சி காய்ச்சிக் குடுக்கட்டும்." பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டார். முப்பத்தாறு வருசத்தில் ஒரு நோன்பைக்கூடப் பிரிந்து பிடித்ததில்லையாம்.

ஹாஜியார் மூன்றாவது படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார். ஒன்பதில் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது.

வர்ணம் பூசி முடிந்ததா, அண்ணா? படங்களை மாட்டிவிட்டார்களா?

பதிலைப் பார்த்திருக்கும்,
கஜேந்தினி


இங்கிலாந்து
30.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. எனக்கு வேலையே இல்லை.

இந்த ஹோட்டலின் குசினிக்குள் நான் கால் வைத்ததில்லை. அகதி விண்ணப்பம் போட்டவர்களைத் தங்க வைக்கும் இடம் இது. ஒரு அறையில் மூன்று பேர். சாப்பாடு பெட்டியில் வரும். முடிவு வரும் வரை வேலை செய்யக் கூடாது. ஒன்றரை வருசமாக யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சுவரில் படம் ஒன்றும் இல்லை. தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடுவது என்று காட்டும் கடதாசி ஒன்றுதான் ஒட்டியிருக்கிறது. நீ எழுதிய வீட்டில் நான் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். நீ குதிரையைப் பார்க்கச் சொன்னதும் வர்ணம் பூசுகிறார்கள் என்று இன்னொரு பொய் எழுதினேன், அதற்குப் பிறகு எனக்கு எழுதக் கை ஓடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஒரு கிராமத்துக்குப் போனேன். தவறணை ஒன்று இருந்தது. மூன்று தரம் வாசலைக் கடந்து நடந்தேன். நானும் உன்னைப் போலத்தான். மழை பிடித்தது. ஒரு பெண் கதவைத் திறந்து, "நனைகிறாயே, உள்ளே வா," என்றார்.

கஜே, நீ எழுதியது எல்லாம் உண்மை. குனிந்துதான் நுழைய வேண்டும். மேல் மரங்கள் புகையில் கறுத்திருந்தன. ஆள் உயர அடுப்பு. அதற்கு முன்னால் ஈர நாய் ஒன்று படுத்திருந்தது. இரண்டு காதும் தூங்கின. தேத்தண்ணிதான் கேட்டேன். ஏணிப்படிப் பக்கத்தில் பழைய படங்கள் நாலு. உன் குதிரை அங்கே இல்லை. ஆனால் ஒரே படம் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். கோடுகள் ஒன்றுதான். ஒன்றில் குதிரை கபில நிறம், மற்றதில் சாம்பல் நிறம். ஒன்றில் வானம் வெளித்திருக்கிறது, மற்றதில் மழை வரப் பார்க்கிறது. ஏன் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியவில்லை.

செப்புத் தகட்டில் கோடு வெட்டி அச்சடிப்பார்களாம். நிறம் பிறகு கையால் பூசுவதாம். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி இருந்து, ஒருத்தி சிவப்பு மட்டும், ஒருத்தி பச்சை மட்டும் பூசி, தாளை அடுத்தவளுக்குத் தள்ளுவார்களாம். உன் வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். படத்துக்குக் கீழே வரைந்தவர், வெட்டியவர் பெயர் எல்லாம் இருக்கிறது. அவர்களுடைய பெயர் இல்லை. உன் படத்தில் சிவப்பு வானத்தில் பட்டதே, அது அப்படி ஒருத்தியின் கையாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமைச் சிவப்புச் சட்டைக்காரர்களும் பொய். நாயை விட்டு நரி வேட்டையாடுவது இப்போது தடையாம்.

பேசாமல் இரு என்று உனக்கு எழுதினேன். அது எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும் புத்தி. நீ அதைக் கேட்காதே.

அண்ணா மதிசுதன்


திருகோணமலை
21.02.2025

மதிப்புக்குரிய ஹாஜியார் அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை நாள்தோறும் காண்கிறேன், அதனால் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு வாயால் சொல்ல ஏலாது.

குதிரையில் மஞ்சள் பட்டது என் கையால். ஆயுத பூசை நாளில் விடிய எழும்பி, உங்களிடம் கேட்காமல், குசினி மஞ்சளைக் கரைத்துப் படங்களுக்குப் பொட்டு வைத்துத் தண்ணீர் தெளித்தேன். உடைந்த கண்ணாடியை நான் யோசிக்கவில்லை. பழுதாக்க நினைத்துச் செய்யவில்லை. அந்தப் படங்களைப் போல வடிவானதை நான் முன்பு கண்டதில்லை, அதனால் செய்தேன்.

பரீதா அன்ரி அதற்குக் கிட்டவும் வரவில்லை. நீங்கள் அவரைக் கேட்டபோது நான் கூசாவோடு நின்றேன். சொல்லவில்லை. மஞ்சள் பட்டதைவிட அதுதான் பெரிய பிழை. நாளைக்கு அவர் கிண்ணியாவுக்குப் போனால் அது என்னால். என்னை வீட்டுக்கு அனுப்புவதென்றால் அனுப்புங்கள். அவரைப் போக விட வேண்டாம்.

பணிவுடன்,
கஜேந்தினி


திருகோணமலை
05.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அறையில் மற்ற இரண்டு பேரும் சுகமா? அவர்களின் பெயரை எழுதவில்லையே. உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு அந்த ஏணிப்படிப் படங்களைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சிவப்புப் பூசிய பிள்ளையின் விரலைக் கண்ட மாதிரி இருக்கிறது. அவளுக்கும் ஏச்சு விழுந்திருக்குமோ தெரியாது.

ஹாஜியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கதிரையில் இருந்தார். முன்னால் வைத்துவிட்டு ஓடத்தான் நினைத்தேன்.

"என்ன மகள் இது?"

"கடிதம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

தாளைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி எங்க எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவ கதைக்கிறதில்ல." தாளை என்னிடமே நீட்டினார். "நீயே வாசி."

எழுத்து என் முன்னால் இருந்தது, அண்ணா. எழுதியதை வாசித்தால் போதும். வாசித்தேன். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. "கேக்கல்ல மகள், சத்தமா," என்றார். சத்தமாக வாசித்தேன். "என் கையால்" என்ற இடத்தில் குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. கடைசி வரை நிற்காமல் வாசித்தேன்.

அன்ரி குசினியால் வந்து கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"இந்தாங்க. இனி நீங்களே வாசிங்க."

"உனக்குத் தெரியுமா இது?" என்றார் ஹாஜியார். மூன்றரை மாதத்தில் நேரே கதைத்த முதல் கதை.

"சுபஹுத் தொழ எழும்பினவளுக்குத் தெரியாதா? ஈரத்துணியோட நிண்டு துடைக்கிறாள். என்ட மஞ்சப் போத்தல் பாதி."

"பொறகு ஏன் சொல்லல்ல?"

"அவள்ற சாமிக்கு அவள் செஞ்சத நான் ஏன் சொல்லணும்? அவளுக்கு வாய் இரிக்கி. வரட்டும் எண்டு இருந்தன்." அன்ரி என்னைப் பார்க்கவில்லை. "நீங்க என்னக் கேட்டீங்களா? கேக்கவேயில்ல. மஞ்சளக் கண்டீங்க, முடிச்சிட்டீங்க. முப்பத்தாறு வருசம் உங்களுக்குச் சோறு போட்ட கைய நீங்க அப்பிடி நெனச்சிட்டீங்க."

ஹாஜியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கடிதத்தைப் பார்க்கவில்லை. அன்ரியைப் பார்த்தார். அப்போதுதான் கண்ட மாதிரிக் கனநேரம் பார்த்தார். பிறகு கதிரையை விட்டு எழும்பி நின்று கேட்டார்:

"பரீதா, அந்தக் குதிரையில மஞ்சள் போட்டது நீயா?"

"இல்ல."

"சரி," என்றார்.

அவ்வளவுதான், அண்ணா. அன்ரி போய்ச் சோற்றைக் கொண்டு வந்தார். என்னையும் இருக்கச் சொன்னார்கள். எனக்கு ஏச்சு பிறகு விழுந்தது. இரண்டு பேரும் மாறி மாறி ஏசினார்கள், இடையில் யாரும் தேவைப்படவில்லை. பெட்டி திரும்ப அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. படமும் முன்பக்கம் திரும்பிவிட்டது. வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும், ஆனால் சிவப்பும் போய்விடும் என்று அன்ரி சொன்னார். "கெடக்கட்டும்," என்றார் ஹாஜியார்.

மூன்று நாளாக நோன்பு. பின்னேரங்களில் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிவது என் வேலை.

நேற்று அம்மா போனில் என்னிடம் கேட்டார்: "அண்ணாக்கு அங்க உண்மையா என்ன வேலை பிள்ளை?" நல்ல வேலை என்று நான் சொல்லவில்லை. உங்கள் கதையை நான் சொல்வதும் சரியில்லை. "அண்ணாவையே கேளுங்கோ அம்மா," என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுக்கும்போது கேட்பார். நான் லீவு எடுத்துப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

குளிருக்குக் காலுறை போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
கஜேந்தினி